எஞ்சின் இல்லாத ஓடத்துக்கு முச்சை கட்டிய கதை

போன கோடையில் நான்கு சனிக்கிழமைகளை ஒரு மரப்பெட்டிக்குப் பின்னால் தொலைத்தேன். 60 சென்டிமீட்டர் நீளம், 14 சென்டிமீட்டர் அகலம், தட்டையான அடி. மோட்டார் கிடையாது, பற்றரி கிடையாது, பாயும் கிடையாது. ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் கொழுவிவிட்டால் தானாக அக்கரைக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். கடைசியில் வந்தது. அதற்கு முன் இரண்டு தரம் மூழ்கியது, ஒரு தரம் முளையையும் பிடுங்கிக்கொண்டு ஓடியது. எங்கெங்கே பிழைத்தது என்று எழுதிவைக்கிறேன், யாராவது செய்துபார்க்க நினைத்தால் அந்த நான்கு சனிக்கிழமை ஒன்றாகக் குறையட்டும்.

தொடக்கிவைத்தது மகள். நாங்கள் இருப்பது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், ரைன் ஆற்றின் வலது கரையில், கிளைன்பாசல் பகுதியில். ஊருக்குள் ஆற்றைக் கடக்கப் பாலங்கள் தாராளம். இருந்தாலும் பாலங்களுக்கு இடையில் நான்கு ஓடங்கள் இன்றைக்கும் ஓடுகின்றன. ஒருநாள் மூன்ஸ்டர் தேவாலயத்தின் அடிவாரத்திலிருந்து வீட்டுக்கு வரும்போது நடு ஆற்றில் வைத்துக் கேட்டாள்.

“அப்பா, இதில எஞ்சின் எங்க இருக்கு?”

“எஞ்சின் இல்லைப் பிள்ளை.”

“அப்ப ஆர் தள்ளுறது?”

“ஆறுதான்.”

“ஆறு கீழ்ப்பக்கமாத்தானே ஓடுது. நாங்கள் குறுக்காலயெல்லோ போறம்?”

இருபது வருடமாக அந்த ஓடத்தில் போய்வருகிறவன் நான். வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. “வீட்டை போய்ச் சொல்லுறன்” என்று சமாளித்தேன்.

ஓடத்தைப் பார்த்தால் மிக எளிமையான பொருள். தலைக்கு மேலே, நல்ல உயரத்தில், கரைக்குக் கரை ஓர் இரும்பு வடம். அதன்மேல் ஓடும் கப்பி. கப்பியிலிருந்து ஓடத்துக்கு ஒரு கயிறு இறங்குகிறது. கயிற்றின் கீழ்நுனி ஓடத்திலிருக்கும் ஒரு நெம்புகோலில் கட்டப்பட்டிருக்கிறது. கரை சேர்ந்து ஆட்கள் ஏறி இறங்கியதும் ஓடக்காரர் நெம்புகோலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றுகிறார், சுக்கானைத் திருப்புகிறார். மரம் ஒருதரம் முனகும், கயிறு விறைக்கும், ஓடம் கரையை விட்டு விலகும். மீதி நேரமெல்லாம் அவருக்குப் பயணிகளோடு கதைதான். பாசல்காரர் யாராவது அளந்துவிட்டால் “அதைப் போய் ஃபேரிமாவிடம் சொல்லு” என்பார்கள். ஃபேரிமா என்றால் ஓடக்காரர். எந்தப் புளுகையும் பொறுமையாகக் கேட்டு முடிக்கிற ஆள் அவர் ஒருவர்தானாம்.

இதன் பிறப்புக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பாசலின் நடுப்பாலம் 1226இல் கட்டப்பட்டது. அதற்குப் பிறகு அறுநூற்றைம்பது வருடம் ஊருக்கு அந்த ஒரு பாலம்தான். வெட்ஸ்டைன் பாலம் வந்தது 1879இல். இடையில் ஊர் பெருத்து, பாலத்துக்குச் சுற்றிப் போவது பெரிய கரைச்சலாகிவிட்டது. 1854இல் ஓடம் விட்டது நகரசபையுமில்லை, வியாபாரிகளுமில்லை. ஓவியர்களும் ஓவிய ஆர்வலர்களும் சேர்ந்த ஒரு சங்கம்! அவர்களுக்குக் கண்காட்சிக் கூடம் கட்டக் காசு வேண்டியிருந்தது. ஆறு சும்மா ஓடிக்கொண்டிருந்தது. ஓடக் கூலியாகச் சேர்ந்த காசும் போய்த்தான் பாசலின் குன்ஸ்ட்ஹாலே என்ற கலைக்கூடம் எழுந்தது, 1872இல் திறந்தார்கள். இன்றைக்கும் இருக்கிறது. நிதி சேர்க்க இரவு விருந்து வைக்கிற சங்கங்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு, ஒருவரும் ஆறு தேடிப் போனதாகத் தெரியவில்லை.

முதல் ஓடத்துறை இருந்த இடத்திலேயே வெட்ஸ்டைன் பாலம் எழும்ப, அந்த ஓடம் கொஞ்சம் கீழே, மூன்ஸ்டர் தேவாலயத்தடிக்கு நகர்ந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆற்றின் வேறு இடங்களிலும் ஓடங்கள் வந்துவிட்டன. இப்போதுள்ள நான்கின் பெயர்கள் வில்ட் மா, லொய், ஃபோகல் கிரிஃப், ஊலி. காட்டு மனிதன், சிங்கம், கழுகு-சிங்கம், கோமாளி. கிளைன்பாசலில் ஜனவரி மாதம் நடக்கும் திருவிழாவில் ஆடுகிற வேடங்கள் இவை. அன்று காட்டு மனிதன் மிதவையில் ரைன் வழியே ஆடிக்கொண்டு வருவான், எதிர்க்கரைப் பணக்காரப் பாசலுக்கு முதுகைக் காட்டியபடி. சரி, விழாவுக்குப் போய்விட்டேன். பெட்டிக்கு வருவோம்.

4 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் அடியும் பக்கங்களும் அறுத்தேன். இரண்டு முனையும் ஒரேமாதிரிக் கூராக இருக்கும்படி வைத்துக்கொண்டேன், திருப்பாமலே போய்வரலாம் என்பதால். மூட்டுகளுக்கு எபொக்சிப் பசை. இங்கேயே முதல் பிழை. எங்கள் கெல்லர் கோடையிலும் குளிர். நிலக்கீழ் அறை என்றால் அப்படித்தான். எபொக்சி இரண்டு நாளாகியும் கையில் ஒட்டியது. கலவை அளவு பிழையோ என்று டப்பாவைத் திட்டினேன். குற்றம் டப்பாவில் இல்லை, அறைச் சூட்டில். மனைவியின் தலைமுடி உலர்த்தியை அரை மணித்தியாலம் பிடித்ததும் இறுகியது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

வடத்துக்கு 2 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி, இறுக்குவதற்கு ஒரு டர்ன்பக்கிள். கப்பிக்கு முதலில் திரைச்சீலைத் தண்டவாளத்துப் பிளாஸ்டிக் உருளை போட்டேன், கம்பியில் இறுகி நின்றது. பிறகு தள்ளுகதவுச் சக்கரம் இரண்டை, ஓரத்தில் பள்ளம் உள்ள வகை, ஒரு தகட்டில் முன்னும் பின்னுமாகப் பொருத்தினேன். ஒற்றைச் சக்கரம் இழுபடும்போது சரிந்து கம்பியைக் கவ்வும், இரட்டைச் சக்கரம் சரியாது.

ரைனில் விட எனக்குத் துணிவுமில்லை, அது முறையுமில்லை. சரக்குக் கப்பல் போகிற ஆறு. கறுப்புக் காட்டிலிருந்து இறங்கி வந்து பாசலில் ரைனோடு சேரும் வீஸெ என்ற சிற்றாறு எங்கள் பக்கம்தான் ஓடுகிறது, கோடையில் முழங்கால் ஆழம். லாங்கெ எர்லன் பூங்காவை ஒட்டி ஓரிடம் பார்த்தோம். கரையோடு நடந்து வருகிறவர்களும் குளிக்கிற பெடியளும் உள்ள இடம் என்பதால் விடியற்காலையிலேயே போனோம். கம்பி முழுக்கச் சிவப்புத் துணி கட்டினோம், வேலை முடிந்ததும் ஒவ்வொரு தரமும் கழற்றிக்கொண்டு வந்தோம். செய்கிறவர்கள் இதை மட்டும் விடவேண்டாம். தண்ணீருக்கு மேலே முழங்கால் உயரத்தில் நிற்கும் மெல்லிய கம்பி கண்ணுக்குத் தெரியாது, ஆளை அறுத்துவிடும்.

முதல் சனி வீண். நான் தேர்ந்தெடுத்தது அழகான இடம், ஆனால் ஒரு சிறு தடுப்பணைக்கு மேற்புறம். தண்ணீர் கண்ணாடி மாதிரி. ஓடத்தை விட்டால் யோசித்துக்கொண்டு நின்றது. தோடம்பழம் ஒன்றை மிதக்கவிட்டு நேரம் பார்த்தோம். 5 மீட்டர் போக 33 விநாடி, அதாவது விநாடிக்கு 15 சென்டிமீட்டர். அணைக்குக் கீழே அதே பழம் அதே தூரத்தை 11 விநாடியில் கடந்தது, 45 சென்டிமீட்டர். மூன்று மடங்குதானே என்று தோன்றும். நீரின் தள்ளல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால், அங்கே கிடைக்கிற விசை ஒன்பது மடங்கு. ஓட்டம் செத்த இடத்தில் இந்த ஓடமும் செத்ததுதான். பாசலுக்குக் கீழே பிரெஞ்சுப் பக்கம் கெம்ஸ் நீர்மின் அணை 1932இல் வந்தபோது தேங்கிய நீர் பாசல் வரை எட்டியது. பாலம் வந்தால் ஓடத்துக்கு ஆள் குறையும், அணை வந்தால் எஞ்சினே குறையும்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். என் ஓடத்தை ரைன் ஓடத்தின் 20இல் ஒரு பங்கு அளவான மாதிரி என்று எடுத்தால், வேகத்தை 20இன் வர்க்கமூலத்தால், ஏறக்குறைய நாலரையால், பெருக்கவேண்டும். 45 சென்டிமீட்டர் என்பது பெரிய ஆற்றில் விநாடிக்கு 2 மீட்டர். கிட்டத்தட்ட வெள்ளக்கால ரைன். அது தெரிந்திருந்தால் இரண்டாம் சனி கொஞ்சம் மரியாதையோடு இறங்கியிருப்பேன்.

இரண்டாம் சனி. அணைக்குக் கீழே, ஆறு 8 மீட்டர் அகலமுள்ள இடம். அக்கரையில் ஒரு மரத்தில் பழைய துவாயைச் சுற்றி அதன்மேல் கம்பி, இக்கரையில் கூழாங்கல் நிலத்தில் இரண்டு இரும்பு முளை. மச்சான் அக்கரையில், நானும் மகளும் இக்கரையில். கப்பியிலிருந்து வந்த கயிற்றை ஓடத்தின் நட்டநடுவில், மேல்விளிம்பில் கட்டினேன். நடுவில் கட்டினால்தானே சமநிலை?

ஓடம் ஆற்றுக்குச் சரிக்குறுக்காகத் திரும்பி அப்படியே நின்றது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. ஓட்டம் வந்து மோதும் மேற்புற விளிம்பில் தண்ணீர் மெத்தை மாதிரிக் குவிந்தது. விளிம்பு மெல்ல மெல்லச் சாய்ந்து, ஒரு மிடறு குடித்தது, பிறகு முழுவதையும் குடித்தது. ஐந்து விநாடி இருக்கும்.

ஏன் மேற்புறம் சாய்ந்தது என்பதைக் கெல்லரில் தண்ணீர் வடித்துக்கொண்டிருக்கும்போதுதான் விளங்கிக்கொண்டேன். நீர் தள்ளுவது ஓடத்தின் அடிப்பகுதியை, ஆறு ஓடும் திசையில். கயிறு இழுப்பது மேல்விளிம்பை, அதற்கு எதிர்த்திசையில். காலைத் தட்டிவிட்டுத் தலையைப் பிடித்து இழுத்தால் யாரும் விழத்தான் செய்வார்கள். பாசலில் வடம் அவ்வளவு உயரத்தில் இருப்பதால் கயிறு ஓடத்தின் மேற்புறத்தைச் சற்றுத் தூக்கியும் பிடிக்கிறது. கப்பல்களுக்கு வழிவிடத்தான் அந்த உயரம் என்று நினைத்திருந்தேன், அதில் இந்த இலாபமும் இருக்கிறது. என் கம்பியோ தண்ணீரிலிருந்து 60 சென்டிமீட்டர். அதனால் கட்டுமிடத்தை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இறக்கினேன், பக்கப் பலகையை 3 சென்டிமீட்டர் உயர்த்தினேன்.

அதற்கு முன் அன்றைக்கே இன்னொன்றும் செய்துபார்த்தோம். கயிற்றை முன்முனையில் கட்டினோம். ஓடம் மூக்கை ஓட்டத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு, கட்டிப்போட்ட நாய் மாதிரி வாலை ஆட்டியபடி நின்றது. மூழ்கவில்லை, போகவுமில்லை. மச்சான் அக்கரையிலிருந்து “இதுக்கு ஒரு துடுப்பு வாங்கிக் குடு” என்று கத்தினார்.

கோபத்தில் கம்பியை இன்னும் இறுக்கினேன். படக்கென்று முளைகள் இரண்டும் கல்லைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தன. ஓடம், கப்பி, கம்பி, முளை எல்லாம் ஊர்வலமாகக் கீழே போயின. மகள் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

இது அடிப்படைக் கணக்கு, எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். மீன் தராசில் கொழுவி அளந்தபோது, ஓடம் குறுக்காக நிற்கையில் நீர் இழுத்த விசை வெறும் 220 கிராம். ஆனால் 8 மீட்டர் கம்பி நடுவில் 10 சென்டிமீட்டர் மட்டுமே வளைகிற மாதிரி இறுக்கினால், அந்த 220 கிராம் கம்பியின் நீளவாக்கில் நாலரைக் கிலோ ஆகிவிடும். இன்னும் இறுக்கினால் இன்னும் கூடும். வடத்தை எவ்வளவு நேராக வைக்க ஆசைப்படுகிறோமோ, கரை அவ்வளவு சுமக்கவேண்டும். அமெரிக்காவின் வயோமிங்கில், ஸ்னேக் ஆற்றில், பில் மெனர் என்பவர் 1890களில் இப்படியொரு ஓடம் நடத்தினார். அவர் வடத்தைப் பிடித்துவைத்தது மண்ணுக்குள் படுக்கையாகப் புதைத்த ஒரு மரக்குற்றி. முளை ஒரு புள்ளியில் நிற்கிறது, படுத்த குற்றி தன் மேலிருக்கும் மண் முழுவதையும் பாரமாக்கிக்கொள்கிறது. அடுத்த வாரம் கரைக்குச் சற்று உள்ளே முழங்கை ஆழம் தோண்டி விறகுக்கட்டை ஒன்றைக் குறுக்காகப் போட்டு மூடினேன். பிறகு அசையவே இல்லை. போகும்போது கட்டையை எடுத்துக் குழியை மூடிவிட்டோம்.

இனி முச்சை.

அன்று இரவு ஊரிலிருக்கும் அப்பாவோடு வீடியோவில் கதைத்தேன். எங்கள் ஊர் யாழ்ப்பாணத்து வடமராட்சி. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப்போட்டி நடக்கிற பக்கம். அப்பா இளமையில் எட்டுமூலை, கொக்கு எல்லாம் கட்டினவர். மகள் ஓடம் மூழ்கிய வீடியோவை அவருக்கு அனுப்பியிருந்தாள். குசலம் விசாரிக்கவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

“தம்பி, முச்சை பிழை.”

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. முச்சை என்பது பட்டத்தில் நூலைக் கட்டும் முறை. தமிழ்நாட்டில் சூத்திரம் என்பார்கள். நூலை நேரே பட்டத்தில் கட்டுவதில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கால்கள் எடுத்து, அவை சந்திக்கும் முடிச்சில்தான் ஏற்றும் நூல் வரும். முடிச்சை ஒரு விரல் மேலே ஏற்றினால் பட்டம் காற்றில் படுக்கும், ஒரு விரல் கீழே இறக்கினால் நிமிர்ந்து இழுக்கும். காற்று பட்டத்தைப் பின்னால்தான் தள்ளுகிறது, ஆனாலும் பட்டம் மேலே போகிறது. ஏனென்றால் நூல் பின்னால் போக விடுவதில்லை, பட்டம் சரிந்து நிற்கிறது. ஆறும் அப்படியே. கீழே தள்ளுகிறது, கயிறு விடுவதில்லை, ஓடம் சரிந்து நின்றால் மிச்சமிருப்பது பக்கவாட்டு வழி ஒன்றுதான். ஈரமான தோடம்பழ விதையை இரண்டு விரலுக்கிடையில் அழுத்தினால் வழுக்கிப் பாயுமே, அதுதான் மகளின் கேள்விக்கு விடை. அவளுக்கு விதையைக் கொடுத்தே காட்டினேன். சுவரெல்லாம் விதை.

அப்பா இன்னொன்றும் சொன்னார். வால் கட்டு என்றார். அதையும் செய்தோம், பழைய சேலைத் துண்டு ஒன்று. ஓடத்தின் ஆட்டம் நின்றது உண்மை, கூடவே ஓட்டமும் பாதியாகிவிட்டது. கழற்றிவிட்டோம். அவரிடம் “நல்லா வேலை செய்யுது” என்றேன்.

மூன்றாம் சனி முச்சையோடு போனோம். ஓடத்தின் மேற்புறப் பக்கத்தில் ஒரு கால் முன்முனைக்கருகே, மற்றது பின்முனைக்கருகே, இரண்டும் சந்திக்குமிடத்தில் ஒரு வளையம். முன்காலைக் கட்டையாக்கினால் முன்முனை ஓட்டத்தை நோக்கி ஏறும், ஓடம் அந்த முனை காட்டும் கரைக்குப் போகும். திரும்பி வர மற்றக் காலைக் கட்டையாக்கவேண்டும். ஓடத்தைத் திருப்பவேண்டியதே இல்லை. மெனர் செய்ததும் இதுதான், ஆனால் கையால் முடிச்சு மாற்றாமல் தளத்தில் ஒரு சக்கரம் வைத்திருந்தார். அதைச் சுழற்றினால் ஒரு கயிறு சுருங்கும், மற்றது நீளும். குதிரைவண்டிக்கு 50 சென்ட், குதிரையில் வருகிறவருக்கு 25 சென்ட் வாங்கினாராம். 1918இல் மோட் நோபிள் என்ற பெண்மணிக்கு விற்றார். அவர் காலத்தில் கார்கள் வந்துவிட, உள்ளூர் வண்டிக்கு ஒரு டாலர், வெளிமாநில வண்டிக்கு இரண்டு. 1927இல் பக்கத்தில் பாலம் வந்ததும் எல்லாம் முடிந்தது.

நான் விட்ட முதல் ஓட்டத்தை எழுத்தில் சொல்வது கடினம். கையை எடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மேற்புறப் பலகையோரம் நீர் மெல்லச் சுருண்டது. கயிறு ஒருதரம் சொட்டிவிட்டு விறைத்தது. பிறகு கப்பி ‘கிர்’ என்றது. அவ்வளவுதான், ஓடம் போய்க்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், யாரோ கூப்பிட்ட மாதிரி. மகள் கத்தவில்லை, கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நடு ஆற்றில் ஒரு தாரா வழியில் வந்தது, பார்த்தது, ஒதுங்கிக்கொண்டது.

பிறகு கோணம் அளந்தோம். மேலே இருந்த நடைபாலத்திலிருந்து மச்சான் தொலைபேசியில் படம் எடுக்க, மகள் பாகைமானியைத் திரையில் வைத்துப் பார்த்தாள். ஓட்டத்தின் திசைக்கு 20 பாகை சரிந்திருந்தபோது ஓடம் பாதி வழியில் களைத்து நின்றது. 30 பாகையில் 7 மீட்டர் போக 41 விநாடி. 45இல் 29 விநாடி. இன்னும் சரித்தால் இன்னும் வேகம் என்று நினைத்து 60 வைத்தோம். 36 விநாடி, விளிம்பெல்லாம் ஈரம். குறுக்காகத் திரும்பத் திரும்ப இழுவை கூடுகிறது, அதில் பக்கவாட்டுப் பங்கு குறைகிறது. நம்பாமல் 70 வைத்தேன், அதுவும் மகள் லெகோ ஆட்கள் ஏழு பேரை ஏற்றிய பிறகு. இரண்டாவது மூழ்கல் அது. ஐவரை மீட்டோம்.

பாசல் ஓடங்களில் இரட்டைக்கால் இல்லை, ஒற்றைக் கயிறும் சுக்கானும். கயிறு நடுவுக்கும் முனைக்கும் இடையில் ஓரிடத்தில் இழுக்க, சுக்கான் பின்பக்கத்தைத் தள்ளிப் பிடித்துக் கோணத்தைக் காக்கிறது. அதையும் செய்துபார்த்தேன், முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கட்டி, தகரச் சுக்கான் வைத்து. வேலை செய்தது, ஆனால் விரலளவு மாறினாலும் குணம் மாறியது. ஓடக்காரரின் நெம்புகோல்மேல் அதற்குப் பிறகுதான் எனக்கு மதிப்பு வந்தது.

ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. ஒவ்வொரு முறையும் கரைக்கு 80 சென்டிமீட்டர் இருக்கையில் ஓடம் நின்றுவிட்டது. கரையோரம் ஓட்டம் குறைவு என்பது ஒன்று. மற்றது கம்பியின் வளைவு. இழுவையில் கம்பி கீழ்ப்புறமாக வில் மாதிரி வளைவதால், கரையை நெருங்க நெருங்க ஓடம் ஓட்டத்துக்கு எதிராகக் கொஞ்சம் ஏறவேண்டியிருக்கிறது. கம்பியை இறுக்கலாம், ஆனால் முளை போன கதை நினைவிருந்தது. இரண்டு மணித்தியாலம் மல்லுக்கட்டிவிட்டு ரைனுக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே ஓடம் கரைக்கு வருவதில்லை, மரத்துறைதான் ஆற்றுக்குள் நீண்டு போய் ஓடத்தை எதிர்கொள்கிறது. தினம் அதன்மேல் நடந்தவன், கவனித்ததில்லை. 90 சென்டிமீட்டர் பலகை ஒன்றைக் கல்லில் முட்டுக்கொடுத்து நீட்டினேன், பிரச்சினை தீர்ந்தது.

நான்காம் சனி வேடிக்கைக்கு. மேலே வடம் கட்டும் வழக்கம் வருவதற்கு முன் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க ஆசை. இரும்புக் கம்பி வடம் பழக்கத்துக்கு வந்தது 1830களில், ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற அதிகாரியின் கைவேலை. சணல் கயிறு நனைந்தால் கனத்துச் சுருங்கும், காய்ந்தால் தொய்யும், அதை அகன்ற ஆற்றுக்கு மேலே நீட்டிவைப்பது பெரும்பாடு. சிறிய ஆறு என்றால் வேறு. இத்தாலியின் அட்டா ஆற்றிலிருந்த கயிற்று ஓடத்தை லியொனார்டோ டாவின்சி 1513 வாக்கில் வரைந்திருக்கிறார், அந்த ஆற்றில் இம்பெர்சாகோ ஊர் ஓடத்தை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். ஆனால் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஓடும் ‘வால்’ என்ற ஆறு மிக அகலம். அங்கே 1657இல் ஹென்ட்ரிக் ஹொய்க் என்பவர் குறுக்கே கட்டுவதையே விட்டுவிட்டார். ஆற்றின் மேற்புறம், வெகுதூரத்தில் நங்கூரம். அங்கிருந்து மிக நீளமான வடம், அது தாழாமல் இருக்க வழிநெடுகச் சிறு படகுகள். நுனியில் ஓடம். ஓடத்தைச் சரித்தால் கடிகார ஊசல் மாதிரி கரைக்குக் கரை ஆடும். செல்டன்ரஸ்ட் என்று பெயர், ‘ஓய்வு அரிது’ என்று பொருள். 1936இல் பாலம் திறக்கும்வரை அந்த முறை அங்கே நீடித்தது.

நாங்கள் 6 மீட்டர் கயிற்றில் ஆறு தயிர்க் கோப்பைகளை மிதவையாகக் கட்டினோம். நங்கூரத்துக்கு ஒரு பெரிய கல். குறுக்குக் கம்பி இல்லை, மரத்தில் துவாய் இல்லை, குற்றி புதைக்கவில்லை. பத்து நிமிட வேலை. ஓடம் அழகாக ஆடிப் போய் அக்கரையோரம் நின்றது, தயிர்க் கோப்பைகள் வில்லாக வளைந்து பின்னால் போயின. சொன்னால் வெட்கம், நான்கு வாரமாகச் செய்ததைவிட இது திறமாக ஓடியது. ஆனால் ஆற்றின் நடுவில் இவ்வளவு நீளக் கயிறு கிடந்தால் கப்பல் எப்படிப் போகும்? ரைனுக்கு மேலே வடம் ஏறியதன் நியாயம் அங்கேதான்.

பள்ளி தொடங்கிய பிறகு ஒருநாள் மூன்ஸ்டர் ஓடத்தில் வந்தோம். மகள் ஓடக்காரரிடம் பாசல் ஜெர்மனில் முழுக் கதையும் சொன்னாள். முச்சைக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை, அதனால் ‘முச்சை’ என்றே சொன்னாள். அவர் தொழிலுக்குரிய பொறுமையோடு கேட்டார், “மூட்ஷெ?” என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார், பிறகு நெம்புகோலில் அவள் கையை வைத்துத் தள்ளவிட்டார். அவள் எடைக்கு அசையவில்லை. அவரும் ஒரு கை கொடுத்தார்.

எங்கள் ஓடம் இப்போது கெல்லரில் தொங்குகிறது. தகரச் சுக்கானின் தண்டு போகும் துளையால் இன்னும் தண்ணீர் கசிகிறது. மெழுகு வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. அடுத்த தரம் உள்ளே ஒரு பித்தளைக் குழாய் வைத்து, அதை நீர்மட்டத்துக்கு மேலே வரை உயர்த்திவிடலாம் என்று இருக்கிறேன். லெகோ ஆட்கள் இரண்டு பேரை இன்னும் காணவில்லை.